மைக் கிட்ட போனா டொப்பு டொப்புங்குது, தள்ளி உக்காந்தா கிணத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்குது, எவ்ளோ தூரம்தான் வைக்கிறது?

கிணத்தடிக்கதை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பாயி சொன்ன பழைய கதைங்கள எழுதி வச்சிருக்கேன், அதையெல்லாம் வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடலாம்னு ரொம்ப நாளா ஆசை, அதுக்காக யூஎஸ்பி கண்டென்சர் மைக் ஒண்ணு வாங்கினேன், குட்டி டேபிள் ஸ்டாண்டோட வந்துச்சு. மாடி ஹால்ல டைனிங் டேபிள் மேல வச்சு, சேர்ல நல்லா சாஞ்சு உக்காந்து, மொத கதைய ஒரே மூச்சுல 47 நிமிஷம் வாசிச்சு முடிச்சேன். போட்டுக் கேட்டா என் குரல் கிணத்துக்குள்ள இருந்து வருது. ஃபேன் சத்தம், கீழ்வீட்டு குக்கர் விசில், தெருவுல போற கீரைக்காரம்மா எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் எங்கயோ இருக்கேன். சத்தம் கம்மியா இருக்கேன்னு கெயின ஏத்தினேன், கீரைக்காரம்மாவும் கூடவே ஏறிட்டாங்க.

சரின்னு மறுநாள் மைக்க இழுத்து வாய்க்கு நேரா, கிட்டத்தட்ட உதடு படுற மாதிரி வச்சு வாசிச்சேன். பாம்புக் கதை வேற. "பாம்பு படமெடுத்து"ன்னு வர்ற எடத்துல எல்லாம் யாரோ மைக்க தட்டுற மாதிரி டொப்பு டொப்பு. குரலும் என் குரலாவே இல்ல, பேரலுக்குள்ள தலைய விட்டு பேசின மாதிரி ஒரே கும்முன்னு இருக்கு. கொஞ்சம் தலைய திருப்பினா சத்தம் சட்டுனு விழுது.

என் சந்தேகம் ரெண்டே ரெண்டு. எவ்ளோ தூரத்துல வைக்கணும்? அப்புறம் கெயின் ஏத்தினாலும் சத்தம் கூடுது, கிட்ட போனாலும் சத்தம் கூடுது, ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் கேக்குறதுக்கு வேற வேறயா இருக்கு?

மைக்செட்டுக்காரன்:

தம்பி, ரெண்டும் ஒண்ணு இல்லீங். உங்க ரெண்டாவது கேள்வி வெளங்குச்சுன்னா மொத கேள்வி தானா தீந்துரும்.

கெயின் ஏத்துறதுங்கறது மைக்குக்கு என்னென்ன வந்து சேந்துச்சோ அத்தனையும் சேத்து ஏத்துறது. உங்க குரலு, ஃபேனு, கீரைக்காரம்மா, செவுத்துல பட்டு திரும்பி வர்ற உங்க குரலு, எல்லாமே ஒரே அளவுல ஏறும். கிட்ட போறப்ப உங்க குரலு மட்டுந்தான் ஏறுது. ஃபேன் எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்கு, அதுக்கு என்ன தெரியும் நீங்க கிட்ட போனது. அப்புறம் சத்தம் ஜாஸ்தியா வருதேன்னு கெயின இறக்குவீங்கல்ல, அப்பத்தான் ஃபேனும் சேந்து இறங்கும். வித்தியாசமே அங்கதானுங்க இருக்கு.

கணக்கு ஒண்ணு சொல்றேன், நான் ஸ்பீக்கர் பொட்டி கட்டி ஓட்டி பழகுனவன், படிச்சு தெரிஞ்சது இல்ல, ஆனா இது சரியான கணக்கு. சத்தத்த டிபி, அதாவது டெசிபல்ங்கற கணக்குலதான் அளப்போம். தூரம் பாதியானா குரலு 6 டிபி ஏறும், தூரம் ரெட்டிப்பானா 6 டிபி இறங்கும். நாம ஸ்கேல் எல்லாம் தேட வேண்டாம், கைதான் இருக்கே. கட்டைவெரலையும் சுண்டுவெரலையும் நல்லா விரிச்சா ஒரு சாண், ரெண்டு சாண் ஒரு மொழம். நீங்க சேர்ல சாஞ்சு உக்காந்தேன்னு சொல்றத பாத்தா டேபிள் மைக்குக்கும் வாய்க்கும் எப்படியும் ரெண்டு மொழம் இருந்திருக்கும், அதாவது நாலு சாண். அதை ஒரு சாணுக்கு கொண்டு வந்தீங்கன்னா நாலு ரெண்டாச்சு ஒரு 6, ரெண்டு ஒண்ணாச்சு இன்னொரு 6, மொத்தம் 12 டிபி. பத்து பைசா செலவு இல்லாம ஃபேன் சத்தத்த 12 டிபி கொறைச்ச மாதிரி ஆச்சுங்களா. 12 டிபின்னா சாமானியம் இல்ல, மைக்குக்கு வர்ற சிக்னல் நாலு பங்கு.

வாசிக்கிறதுக்கு ஒரு சாண், இல்ல அதுல ரெண்டு வெரக்கடை கம்மி. அதுக்கு மேல உள்ள போகாதீங்க, அதுக்கு மேல வெளியவும் வராதீங்க. நான் பசங்களுக்கு கத்துக்குடுக்கறப்ப மைக் ஸ்டாண்டுல ஒரு நூல கட்டி தொங்க விட்டுருவேன், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நூல் நுனிய எடுத்து மோவாயில வச்சு பாத்துக்கோணும், அவ்வளவுதான்.

டொப்பு டொப்புங்கறது சத்தமே இல்லீங்க, காத்து. ப சொல்றப்ப உதடு தொறந்து காத்து நேரா அடிக்குது. வாய்க்கு முன்னாடி உள்ளங்கைய வச்சு "பப்பாளிப்பழம்"னு சொல்லிப் பாருங்க, அப்புறம் கைய கன்னத்துக்கு பக்கவாட்டுல வச்சு சொல்லிப் பாருங்க. குரலு பக்கவாட்டுலயும் போகும், காத்து நேராத்தான் போகும். அதனால மைக்க வாய்க்கு நேரா வைக்காம கடைவாய் ஓரமா, வாயப் பாத்த மாதிரி சாச்சு வைங்க.

தகரடப்பா:

மைக்செட்டு அண்ணன் சொன்னது கரெக்ட். அந்த கும்முன்னு வர்ற மேட்டர நான் சொல்றேன், ஏன்னா அது தூரத்தோட இன்னொரு விளையாட்டு, நிறைய பேர் அத ஈக்யூல, அதாவது பேஸ் ட்ரெபிள ஏத்தி இறக்குற கண்ட்ரோல்ல, சரி பண்ண பாத்து குரல கெடுத்துக்குறாங்க.

உங்க மைக் கார்டியாய்டு டைப்பா இருக்கும், முன்னாடி வர்றத எடுக்கும், பின்னாடி வர்றத தள்ளும். இது எப்படி வேலை செய்யுதுன்னா உள்ள சத்தத்துக்கு அதிருற டயஃப்ரம்னு ஒரு மெல்லிசு சவ்வு இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் வழி இருக்கு, முன்னாடியும் பின்னாடியும், ரெண்டு பக்கத்து அழுத்தத்துல இருக்குற வித்தியாசத்த தான் அது சிக்னலா குடுக்குது. தூரத்துல இருந்து வர்ற பேஸ் சவுண்டுக்கு, அதாவது கனமான கீழ் சத்தத்துக்கு, அலை ரொம்ப நீளம், 100 ஹெர்ட்ஸ்னா ஒரு அலையே மூணரை மீட்டர் கிட்ட, அதனால மைக்கோட முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது, பேஸ் இயல்பாவே கம்மியா வரும். அத ஈடுகட்ட மைக் செய்றவங்களே பேஸ தூக்குற மாதிரி செட் பண்ணி விட்டுருவாங்க. இப்ப நீங்க ரெண்டு இன்ச்சுல வாய வச்சா, முன்பக்கம் ரெண்டு இன்ச்சு, பின்பக்கத்துக்கு சுத்தி போற வழி மூணு இன்ச்சுன்னு வைங்க, தூரத்தாலயே ரெண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் வந்துருது, அது எல்லா ஃப்ரீக்வன்சிக்கும் வரும். ஏற்கனவே தூக்கி வச்ச பேஸ் மேல இதுவும் ஏறி உக்காருது. அதான் கும்மு. ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட்னு பேரு. நம்ம எல்லா மேடையிலயும் பாத்திருக்குற ஷ்யூர் எஸ்எம்58 இருக்குல்ல, அதுல கிட்டத்தட்ட உதடு ஒட்டுற மாதிரி வச்சா 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6லேர்ந்து 10 டிபி வரைக்கும் தூக்கும்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எடுக்குற ஓம்னி மைக்குல இது கிடையாது, ஏன்னா அதுக்கு பின்பக்க வழியே இல்ல. சட்டையில குத்துற சின்ன காலர் மைக் பெரும்பாலும் ஓம்னி தான்.

அப்புறம் தலைய திருப்பினா சத்தம் விழுதுன்னு சொன்னீங்கல்ல, அதுவும் அதே 6 டிபி கணக்கு தான். 5 சென்டிமீட்டர்ல இருக்கும்போது இன்னொரு 5 சென்டிமீட்டர் பின்னாடி போனா தூரம் டபுள், 6 டிபி காலி. 30 சென்டிமீட்டர்ல இருக்கும்போது அதே 5 பின்னாடி போனா ஒண்ணே கால் டிபி மாதிரி தான் கொறையும், காதுக்கே சரியா தெரியாது. கதை வாசிக்கிறவன் சிலை மாதிரியா உக்காருவான், பக்கம் திருப்புவான், தண்ணி குடிப்பான், அரக்கன் வந்தா பின்னாடி சாஞ்சு சிரிப்பான். ஒரு சாண் சேஃப்னு சொல்றது அதுக்கும் சேத்து தான்.

ஒரு சின்ன விஷயம். உங்க மைக் எந்தப் பக்கம் எடுக்குதுன்னு பாத்தீங்களா? சில மைக்குக்கு உச்சந்தலைல பேசணும், சிலதுக்கு பக்கவாட்டுல, லோகோ இருக்குற பக்கம் பேசணும். பக்கவாட்டு மைக்க ஐஸ்கிரீம் மாதிரி உச்சிய வாய்க்கு காட்டி பேசுறவங்கள நான் நெறைய பாத்துட்டேன்.

கிணத்தடிக்கதை:

தகரடப்பா ப்ரோ, அய்யோ, நான் உச்சியில தான் பேசிட்டு இருக்கேன். லோகோ முன்னாடி இருக்கு. இப்பதான் டப்பாவுல படம் பாத்தேன், பக்கவாட்டுல தான் போட்டிருக்கு 🤦

இன்னொண்ணு, கண்டென்சர் மைக் தெருவுல போற சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக்னு வேற டைப் மைக் இருக்கு, அத வாங்குன்னு கடையில சொல்றாங்க. இத வித்துட்டு அது வாங்கிடவா?

தகரடப்பா:

வேணாம். இந்த "இழுக்கும்" கதைய முதல்ல நிறுத்தணும். எந்த மைக்கும் சத்தத்த போய் இழுத்துட்டு வராது, வந்து சேந்தத குடுக்கும். கண்டென்சருக்கு சிக்னல் பெருசா வருது, டைனமிக்குக்கு சின்னதா வருது. ரெண்டையும் ஒரே தூரத்துல வச்சு, உங்க குரல் ஒரே அளவுல வர்ற மாதிரி கெயின் செட் பண்ணுங்க, ரெண்டும் கார்டியாய்டா இருந்தா கீரைக்காரம்மாவும் கிட்டத்தட்ட ஒரே அளவுல தான் வருவாங்க. டைனமிக் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றதுக்கு காரணம், அதுல சத்தம் கம்மியா வருதேன்னு ஜனங்க தானா வாய்கிட்ட போயிடுறாங்க. நல்ல பேரு மைக்குக்கு போகுது, வேலை செஞ்சது தூரம்.

தொப்பிவலந்தலை:

நான் மிருதங்கம் வாசிக்கிறவன். குரலுக்கு நீங்க எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா "கிட்ட வை, கிட்ட வை"ன்னு பொத்தாம் பொதுவா சொல்றதுல எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு, அதனால சொல்றேன்.

ஒரு கச்சேரி ரெக்கார்டிங்ல, எங்கன்னு வேணாம், வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத்து முகத்துக்கு, நேரா நாலு விரல் தூரத்துல மைக்க நட்டு வச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து கேட்டா கரணையில, அதான் நடுவுல இருக்குற கறுப்பு வட்டத்துல, விரல் படுற டக் டக் மட்டும் தான் இருக்கு, நாதமே இல்ல. தொப்பியில, அதாவது இடது முகத்துல, குடுக்குற கும்கிங்கற கும்முன்னு வர்ற நாதம் எங்க போச்சுன்னே தெரியல. வாத்தியத்தோட சத்தம் ஒரு ஓட்டையில இருந்து வர்றது இல்ல சார், ரெண்டு முகமும் கட்டையும் சேந்து, ஒரு முழம் ஒன்றரை முழம் தள்ளி வந்தப்புறம் தான் எல்லாம் கலந்து மிருதங்கமா கேக்கும். நாலு விரல்ல கேக்குறது மிருதங்கத்தோட ஒரு துண்டு. நாதஸ்வரமும் அப்படித்தான், சத்தம் முழுக்க அணசு, அதாவது கீழ் நுனியில விரிஞ்சிருக்குற வாய், வழியா வருதுன்னு நினைச்சு அணசுக்குள்ள மைக்க விடுறாங்க, விரல் துளை வழியாவும் தான் வருது, எந்த துளை திறந்திருக்குங்கறத பொறுத்து அது மாறிக்கிட்டே இருக்கும். அணசு வாயில வச்சா ஒரு ஸ்வரம் கத்தும், ஒரு ஸ்வரம் ஒளியும். அந்த வாத்தியத்துக்கு இருக்குற சத்தத்துக்கு தள்ளி வைக்கிறதுல என்ன நஷ்டம்?

தள்ளி வைக்கும்போது அறையும் சேந்து வரும், அது தப்பில்ல, அறை நல்லா இருந்தா அது அழகு. 1977ல டேவிட் போவி பெர்லின்ல ஹான்சா ஸ்டூடியோவுல பாடுறப்ப தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டி மூணு மைக் வச்சார். ஒண்ணு ஒரு சாண்ல, அதாவது 9 இன்ச், இன்னொண்ணு 20 அடியில, மூணாவது 50 அடியில. தூரத்து மைக் ரெண்டும் மூடியே இருக்கும், அவர் குரல ஏத்தினா தான் ஒண்ணொண்ணா திறக்கும். மெதுவா பாடும்போது காதோரமா இருக்குற ஆளு, கத்தும்போது பெரிய மண்டபத்துல நிக்கிறார். தூரத்தையே ஒரு வாத்தியமா வாசிச்சிருக்காங்க. அது பெரிய ஹால், நம்ம டைனிங் ஹால்ல 50 அடிக்கு போனா பக்கத்து வீட்டு பாத்ரூம்ல நிக்கணும்.

மைக்செட்டுக்காரன்:

தொப்பி சார் சொல்றது நூத்துக்கு நூறு உண்மைங்க, நான் குரலுக்கு மட்டுந்தான் சொன்னேன். கோயில் மேடையில நாங்க மிருதங்கத்துக்கு கிட்ட வைக்கறது ஆசைப்பட்டு இல்லீங்க சார், கொஞ்சம் தள்ளுனா பொட்டிச் சத்தம் மைக்குக்குள்ள போயி கீ...ன்னு ஊளையிடும். அது மேடை நியாயம். ரெக்கார்டிங்ல பொட்டி இல்ல, அங்க நீங்க கேக்குற எடத்துல வைக்கலாம்.

தகரடப்பா:

தொப்பி சார் "அறை நல்லா இருந்தா"ன்னு சொன்னாரு பாருங்க, அதுல தான் கிணத்தடி தம்பியோட கிணறு இருக்கு. நீங்க பேசுற குரல் மைக்குக்கு நேரா ஒண்ணு வருது, செவுரு தரை கூரைல பட்டு ஒண்ணு வருது. நேரா வர்றது தூரம் போகப் போக கொறையும், செவுத்துல பட்டு வர்றது அறை முழுக்க கிட்டத்தட்ட ஒரே அளவு தான். ஒரு குறிப்பிட்ட தூரத்துல ரெண்டும் சமமாயிடும், அத தாண்டிட்டா மைக் கேக்குறது உங்கள விட உங்க வீட்ட தான் அதிகம். டைல்ஸ் தரை, சிமெண்ட் செவுரு, திரைச்சீலை கூட இல்லாத நம்மூரு ஹாலுக்கு அந்த தூரம் ஓம்னி மைக்குன்னா அரை மீட்டர் பக்கம் தான் வரும், கார்டியாய்டுக்கு அதுல ஒண்ணே முக்கால் மடங்கு. நீங்க ரெண்டு முழத்துல, அதுவும் தப்பான பக்கம் பாத்து உக்காந்தீங்க. கிணறு கேக்காம என்ன கேக்கும்.

போன்ல ரெக்கார்ட் பண்றவங்க கவனிங்க, நிறைய ஆப்ல கெயின் தானா ஏறி இறங்கும். நீங்க தள்ளி இருந்தா நீங்க நிறுத்துற ஒவ்வொரு எடத்துலயும் அது "என்னடா சத்தத்தையே காணோம்"னு கெயின ஏத்தும், ஃபேன் உஸ்ஸுன்னு மேல வரும், நீங்க பேசினா திரும்ப அமுங்கும். கதை நடுவுல யாரோ மூச்சு வாங்குற மாதிரியே இருக்கும். பேய்க்கதைக்கு வேணா நல்லா இருக்கும்.

ஸ்காபரோப்பெடியன்:

தம்பி, நான் கனடாவில இருந்து எழுதுறன், அம்மம்மான்ர கதையளப் பதிவு செய்து வச்சிருக்கிறன், அதால உங்கட திரியப் பாத்தோன்ன சொல்லோணும் போல இருந்தது. ஒருத்தரும் மேசையப் பற்றிச் சொல்லேல்ல. நீங்கள் கதைக்கிறது ஒலிவாங்கிக்கு நேராயும் போகுது, மேசையில பட்டுத் தெறிச்சும் போகுது. தெறிச்சு வாறது கொஞ்சம் கூடத் தூரம் சுத்தி வரும். அந்தக் கூடுதல் 34 சென்டிமீட்டர் எண்டால் ஒரு மில்லிசெக்கன்ட் பிந்தி வரும், அப்ப 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் எண்டு இடைக்கிடை சத்தம் ஒண்டை ஒண்டு வெட்டிப்போடும். குரல் குழாய்க்குள்ளால வாற மாதிரி இருக்கும், என்ன செய்தும் ஈக்யூவால திருத்தேலாது. நான் மேசையில மொத்தத் துவாய் ஒண்டை நாலா மடிச்சுப் போட்டுட்டு, ஒலிவாங்கிய புத்தகங்களுக்கு மேல ஏத்தி வாய்க்குக் கிட்டக் கொண்டு வந்தனான். கிட்டக் கொண்டு வந்தாலே பாதிப் பிரச்சினை போயிடும், நேரா வாறது தெறிச்சு வாறதைவிட அவ்வளவு பெலனா இருக்கும்.

அம்மம்மாவோட இருந்து கதைச்சுப் பதியேக்க இன்னொரு பிழை விட்டனான். ஆளுக்கொரு ஒலிவாங்கி, ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில. அவ கதைக்கேக்க என்ர ஒலிவாங்கிக்குள்ளயும் அவவின்ர குரல் போய், ரெண்டையும் சேத்தோன்ன அதே குழாய்ச் சத்தம். பிறகுதான் படிச்சன், உங்களுக்கும் உங்கட ஒலிவாங்கிக்கும் எவ்வளவு தூரமோ அதைப்போல மூண்டு மடங்காவது ரெண்டு ஒலிவாங்கிக்கும் இடையில இருக்கோணும். மூண்டு மடங்கு எண்டால் மற்றவரின்ர குரல் ஒன்பதரை டிபி குறைஞ்சு வரும், காதுக்குப் பெரிசாத் தெரியாது. அம்மம்மா கதை சொல்லேக்க கிட்டக் கிட்ட அரக்கி வருவா, அதுக்கு ஒரு சூத்திரமும் இல்லை.

கிணத்தடிக்கதை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி எல்லாத்தையும் செஞ்சு பாத்தேன். ஹால விட்டுட்டு படுக்கை ரூமுக்கு போயிட்டேன், அங்க மெத்தை, துணி நெறஞ்ச பீரோ எல்லாம் இருக்கு, பீரோ கதவ தொறந்து போட்டு அதுக்கு எதிர்ல உக்காந்தேன். துண்ட நாலா மடிச்சு மேசையில போட்டேன். மைக்க லோகோ பக்கம் திருப்பி, மூணு பழைய டெலிபோன் டைரக்டரி மேல ஏத்தி, கடைவாய் ஓரமா சாச்சு வச்சேன். நூல் கட்டினேன் மைக்செட்டு அண்ணா, கறுப்பு நூல், நுனியில ஒரு பட்டன கட்டி விட்டுருக்கேன், மோவாயில பட்டா சரியான தூரம்னு அர்த்தம்.

"பாட்டி பப்பாளிப்பழத்த பறிச்சு பத்திரமா பானைக்குள்ள போட்டா" இந்த ஒரே வரிய நாலு வெரக்கடை, ஒரு சாண், ஒரு முழம், ரெண்டு முழம்னு நாலு தூரத்துல வாசிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கெயின மாத்தி சத்தத்த ஒரே அளவுக்கு கொண்டு வந்து வரிசையா கேட்டேன். சத்தம் எல்லாம் ஒண்ணா இருக்கு, ஆனா நாலும் நாலு எடத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கு. நாலு வெரக்கடையில யாரோ காதுக்குள்ள வந்து பேசுறாங்க, கொஞ்சம் பயமாவே இருந்துச்சு. ஒரு சாண்ல திண்ணையில பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி. முழத்துல எதிர்வீட்டு திண்ணை. ரெண்டு முழம் பழைய கிணறு. ஒரு சாண்ல தான் அப்பாயி கதை சொல்ற தூரம் இருக்கு, அதுலயே வாசிச்சு முடிச்சுட்டேன். ராட்சசி ரகசியமா பேசுற எடத்துல மட்டும் மூணு வெரக்கடைக்கு போயிட்டு திரும்பி வந்தேன், தப்பா?

தகரடப்பா:

அருமைய்யா. தப்பே இல்ல, ரேடியோ நாடகத்துல அத தான் பண்ணுவாங்க.  ஆனா கிட்ட போகும்போது சத்தம் ஏறும்ல, குரல அதுக்கு தக்க இறக்கிக்கோங்க. ரெக்கார்டிங் மீட்டர்ல உச்சம் -12 டிபிலேர்ந்து -6 டிபிக்குள்ள நின்னா போதும், சிவப்ப தொட விடாதீங்க. மைக்லயோ சாஃப்ட்வேர்லயோ கீழ் சத்தத்த வெட்டுற லோ கட் இருந்தா 80 ஹெர்ட்ஸ்ல போட்டு விடுங்க.

மைக்செட்டுக்காரன்:

கேட்டனுங்க தம்பி, நீங்க அனுப்புன ரெண்டு நிமிசத்த ஹெட்போன் போட்டு கேட்டேன். குரலு நல்லா முன்னாடி வந்து நிக்குது. ஃபேன நிறுத்திட்டீங்க போல, வேர்த்திருக்கும், பரவால்ல. ஆனா பின்னாடி ஒரு டிக் டிக் ஓடிட்டே இருக்குதே, செவுத்துக் கடியாரமா?

கிணத்தடிக்கதை:

ஆமாண்ணா, பீரோவுக்கு மேல மாட்டியிருக்கு. முன்னாடி ஃபேன் சத்தத்துல கேக்கவே இல்ல. கழட்டி ஹால்ல வச்சுட்டு திரும்ப எடுக்கிறேன்.